வீட்டுக்குள் இருங்கள் என்றார்கள்

எம்.பி.க்களைச் சந்தித்து மக்கள் பிரச்சினைகளைப் பேசும் நம் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் இதை எழுதுகிறேன்.

ஒருங்கிணைப்பாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறவர் எதையாவது எழுதி வைத்துவிட்டுப் போவது நம் வழக்கம். எனக்கு முன்னால் எழுதியவர்கள் எல்லாரும் பென்ஷன் வாங்குகிறவர்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. இரண்டாவது குழந்தை வரப்போகிறது. முதல் குழந்தை இன்னும் என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குகிறது. இரண்டையும் இடுப்பில் வைத்துக்கொண்டு டெல்லிக்கும் சென்னைக்கும் போன் பேச முடியாது என்பதால் விலகுகிறேன். உங்களுக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று இந்தப் பத்தியை முடிப்பதற்குள் இரண்டு முறை யோசித்துவிட்டேன். இப்படித்தான் நான் எல்லாக் காரியமும் செய்தேன், யோசித்து, குழம்பி, பிறகு செய்து, செய்தபின் மறுபடி யோசித்து.

எம்.பி. அலுவலகத்தில் நேரம் வாங்குவது, அவர் செய்த ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்கு முதலில் உண்மையாக நன்றி சொல்வது, பிறகு ஒன்றே ஒன்றைக் கேட்பது, எந்தக் கட்சியின் வாசனையும் நம்மேல் படாமல் பார்த்துக்கொள்வது, இதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். பயிற்சியில் வராத ஒரு காலை நேரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மகள் பிறப்பதற்கு முன் நான் பொதட்டூர்பேட்டையில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன். அங்கே என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அம்மா லோகேஸ்வரி. வீட்டின் முன்னறையில் விசைத்தறி ஓட்டி லுங்கி நெய்கிறவர். அவரோடு போனில் பேசினால் இரண்டு பக்கமும் கத்த வேண்டும். தறி ஓடும் சத்தத்தில் அவருக்கு நாம் பேசுவது கேட்காது, நமக்கும் அவர் பேசுவது பாதிதான் வரும். ஒரு கோடையில் அவர் போன் செய்தபோது பின்னால் சத்தமே இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"மயக்கம் போட்டுட்டேன் டீச்சர். தறி ஓடிக்கினு இருக்கும்போதே. கை உள்ள போயிருக்கும், எதிர்வூட்டு அமுலு வந்து இழுத்துட்டா."

"டாக்டர்கிட்ட போனீங்களா அக்கா?"

"போனேன். வெயில்ல சுத்தாதம்மான்றாரு. நான் எங்க சுத்தறேன்? ஆட்டோல மைக்கு கட்டிக்கினு கத்திக்கினு போறான், மத்தியானம் வெளிய வராதீங்க, வூட்டுக்குள்ள இருங்கன்னு. நான் உள்ளதான் இருக்கறேன். உள்ளதான் கொதிக்குது."

அவர் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். தலைக்கு மேலே சிமெண்ட் ஷீட்டு. மின்விசிறி போட்டால் பஞ்சு பறந்து இழை அறும் என்று தறி ஓடும்போது போடமாட்டார்கள். அந்தத் தெருவில் எல்லா வீடும் அப்படித்தான்.

வெயில் காலத்துக்கென்று வெளியாகும் அரசு அறிவுரைகளைத் தேடித்தேடிப் படித்தேன். வயலில் வேலை செய்கிறவர்கள் இருந்தார்கள், கட்டட வேலை செய்கிறவர்கள் இருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே மருந்து, உள்ளே போங்கள் என்பது. உள்ளேயே வேலை செய்கிறவர்களைப் பற்றி, நான் படித்தவரையில், ஒரு வரி இல்லை. அந்த வரியைச் சேர்க்க வைப்பதுதான் அந்த வருடம் நம் குழு எடுத்துக்கொண்ட வேலை. அதற்கு மக்களவையில் யாராவது ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. எந்த ஊர் எம்.பி.யாக இருந்தாலும் என்றைக்காவது ஒருநாள் முருகனைப் பார்க்க மலையேறுவார். தெற்கே ஒரு தொகுதியைச் சேர்ந்த ஒருவர், தொழிலாளர் விஷயங்களைப் பார்க்கும் நாடாளுமன்றக் குழுவில் இருந்தார். அவருடைய உதவியாளருக்கு நான் விடாமல் எழுதிக்கொண்டிருந்தேன். இந்த வேலையில் எனக்குக் கற்றுத் தந்தவர் யார் என்று கேட்டால் அந்த உதவியாளரைத்தான் சொல்வேன். அவர் நம் குழுவில் ஒருநாளும் இருந்ததில்லை. நம்மைக் கண்டால் அவருக்குப் பிடிக்குமா என்பதும் எனக்குத் தெரியாது.

"மேடம், நீங்க அனுப்பினதை ஐயா படிக்கமாட்டார். நானே படிக்கல. ஒரு பக்கமா ஆக்குங்க" என்பதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. ஒரு பக்கமாக ஆக்கினேன். "இதுல பாதி" என்றார். பாதியாக ஆக்கினேன். மாசி மாதம் அவரே கூப்பிட்டார்.

"ஐயா பேரனுக்கு மொட்டை போட உங்க ஊருக்கு வர்றார். சாமி கும்பிட வர்ற மனுஷனை மலை மேல மடக்காதீங்க. அங்க எல்லாரும் மடக்குவாங்க. நீங்க கீழ கெஸ்ட் ஹவுஸ்ல இருங்க. டிபன் முடிஞ்சதும் கூப்பிடறேன். ரெண்டு பேர்தான்."

இரண்டு பேர் என்றால் நானும் லோகேஸ்வரியும். ஆனால் அன்று காலை மூன்று பேராகப் போனோம். கணவர் சென்னை ரயிலுக்குப் போய்விட்டார், மாமியார் ஆர்.கே.பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், மகளை விட ஆளில்லை. வெயிலைப் பற்றிப் பேசுவதற்காக ஒரு சின்னக் குழந்தையை வெயிலில் தூக்கிக்கொண்டு போகிறேனே என்று ஆட்டோவில் அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டுவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

லோகேஸ்வரி எங்களுக்கு முன்பே வந்து கேட்டருகே நின்றிருந்தார். தலை நிறையப் பூ, கையில் ஒரு மஞ்சள் பை.

"எங்க ஓரகத்தி கேக்கறா டீச்சர், எம்.பி. வந்து உன் தறிய ஓட்டுவாராடின்னு. ஆங், ஓட்டுவாரு, நீ போயி டீ போட்டு வைன்னு சொல்லிட்டு வந்தேன்."

பைக்குள் ஒரு துண்டு இருந்தது. கடையில் வாங்கும் பளபளப்புப் பொன்னாடை வேண்டாம், நம் ஊரில் நெய்தது ஏதாவது கொண்டு வாருங்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அவரே தறியில் ஓட்டிய துண்டு, தூய பருத்தி. உதவியாளர் வெளியே வந்தார். போனில் பேசிய குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிட இளையவர். வணக்கம் சொல்வதற்கு முன்பே பையைப் பார்த்தார்.

"அந்தத் துண்டோட கரையைக் காட்டுங்க."

லோகேஸ்வரி விரித்துக் காட்டினார். உதவியாளர் கண்ணை மூடித் திறந்தார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அந்தக் கரையின் நிறங்கள் எதிர்க்கட்சிக்காரர்கள் தோளில் போடும் துண்டின் நிறங்கள்.

"இதை ஐயா தோள்ல போட்டு ஒரு போட்டோ எடுத்தீங்கன்னா நாளைக்கு நான் உங்க ஊர்லயே ஒரு தறி பார்த்துக்க வேண்டியதுதான்."

"கோன்ல மிச்சம் இருந்த நூலுங்க" என்றார் லோகேஸ்வரி. "நான் இன்னாத்த கண்டேன்."

துண்டு பைக்குள் போகவில்லை. மகளுக்கு வியர்த்திருந்தது. துடைத்துவிட்டு, அவள் பிடிவாதம் பிடித்ததால் அப்படியே தோளில் சுற்றிவிட்டேன். கட்சி வாசனை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவள் செய்கிற காரியமா இது? அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. உள்ளே போனதும் எம்.பி. முதலில் பார்த்தது அவளைத்தான்.

"என்னம்மா, பாப்பா நம்ம கட்சி இல்ல போலிருக்கே?"

உதவியாளர் சுவரைப் பார்த்தார். எம்.பி. சிரித்தார். அவர் மடியில் சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு பேரன் சிணுங்கிக்கொண்டிருந்தான். "யார் நெய்தது?" என்று கேட்டார். லோகேஸ்வரி கையை உயர்த்தினார், வகுப்பில் உயர்த்துவது போல.

நான் விதிப்படி நன்றி சொன்னேன். போன கோடையில் அவர் தன் தொகுதி மக்களுக்காக ஒரு வீடியோ போட்டிருந்தார். மத்தியானம் வெளியே போகாதீர்கள், வீட்டுக்குள் இருங்கள், மோர் குடியுங்கள் என்று. வெயிலைப் பற்றி அக்கறையோடு பேசிய எம்.பி.க்கள் நான் தேடியதில் மிகச் சிலர்தான். அதனால் அந்த நன்றி உண்மையானது. ஆனால் சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வீட்டுக்குள் இருங்கள் என்ற பேச்சை மாற்றத்தானே வந்திருக்கிறோம்? அதற்கே நன்றி சொல்லி ஆரம்பித்துவிட்டேனே!

அதை எப்படித் திருப்புவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது லோகேஸ்வரி பேச ஆரம்பித்தார். இரண்டு நாள் முன்பு போனில் ஒத்திகை பார்த்த மாதிரியே மயக்கம் போட்டதைச் சொன்னார். ஷீட்டைப் பற்றிச் சொன்னார். எம்.பி. "அடடா" என்றார். ஒத்திகையில் அதற்கு அடுத்தது என் முறை. ஆனால் அந்த "அடடா" உண்மையாக இருந்தது. அதைக் கேட்டதும் லோகேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. கையைக் கூப்பிக்கொண்டு,

"ஐயா, எனக்கு ஒரு மாடி வூடு கட்டிக் குடுங்க ஐயா. சின்னதா இருந்தா போதும்" என்றார்.

"அதுக்கென்னம்மா" என்று எம்.பி. உதவியாளரைப் பார்த்தார். "பேரை எழுதிக்கப்பா. கலெக்டருக்கு ஒரு லெட்டர் போட்டுடுவோம்."

உதவியாளர் பேனாவை எடுத்தார். எம்.பி. பேரனைத் தோளில் மாற்றிக்கொண்டு எழுந்திருக்கத் தயாரானார். சந்திப்பு முடிந்துவிட்டது. எல்லாருக்கும் சந்தோஷம்.

உங்களுக்கு இது நடக்கும். நிச்சயம் நடக்கும். நம் நாட்டில் பதவியில் இருப்பவர் முன்னால் போய் நின்றால் கை தானாகக் குவியும், வாய் தானாகத் தன் வீட்டுக்கென்று ஒன்று கேட்கும். கேட்பவர் மேல் தப்பில்லை. கொடுக்கிறவர் மேலும் தப்பில்லை, அவருக்கு அதுதான் பழக்கம். ஒரு சட்டத்தை, ஒரு கொள்கையைப் பற்றி எடுத்துக்கொண்டு போன பேச்சு ஒரு வீட்டு மனுவாகச் சுருங்கி அவர் பையில் விழுந்துவிடும். அதற்குப் பிறகு வாயைத் திறந்தால் நாம் பேராசைக்காரர்கள்.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். இப்போது நான் குறுக்கே பேசினால் ஒரு பெண்ணின் தலைக்கு மேல் வரவிருக்கும் கூரையைத் தட்டிவிட்டவள் ஆவேன். வாடகை வீடானாலும் என் தலைக்கு மேல் கான்கிரீட் இருக்கிறது. என் மகள் அதன் கீழ் தூங்குகிறாள். அப்படிப்பட்ட நான், இவருக்கு வீடு வேண்டாம், கேள்வி போதும் என்று சொல்லலாமா? பேசாமல் இருந்தால் அந்தத் தெரு அப்படியே இருக்கும், அடுத்த சித்திரையில் இன்னொருவர் கை தறிக்குள் போகும். உதவியாளர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பேனா இன்னும் தாளைத் தொடவில்லை. அவர் எனக்காகத்தான் காத்திருந்தார் என்று இன்றுவரை நம்புகிறேன். பேனாவில் மை வராமலும் இருந்திருக்கலாம்.

நான் எம்.பி.யிடம் பேசவில்லை. லோகேஸ்வரியின் பக்கம் திரும்பினேன்.

"அக்கா, வீடு கேட்டது கேட்டதுதான். அதுல நான் கை வைக்கமாட்டேன். அன்னிக்கு உங்களை இழுத்தது யாருன்னு மட்டும் ஐயாகிட்ட சொல்லுங்க."

"அமுலுங்க. எதிர்வூடு."

"அவங்க எங்கே இருந்து ஓடி வந்தாங்க?"

"அவ தறிய நிறுத்திட்டு வந்தா. அவ வூடும் ஷீட்டுதான். எங்க தெருவே ஷீட்டுதான் டீச்சர், உங்களுக்குத் தெரியாதா?" பிறகு அவராகவே எம்.பி. பக்கம் திரும்பினார். "அமுலு இப்ப வயித்துல புள்ளைய வெச்சிக்கினு ஓட்டிக்கினு இருக்குதுங்க."

எழுந்திருக்கப் போன எம்.பி. மறுபடி உட்கார்ந்தார். முகத்தில் கொஞ்சம் எரிச்சல் தெரிந்தது. "தெருவுக்கே நான் வீடு கட்ட முடியுமாம்மா?"

"முடியாதுங்க ஐயா" என்றேன். "அதனாலதான் தெருவுக்காக வேற ஒண்ணு கேக்க வந்தோம். வீட்டுக்குள்ளயே வேலை செய்யறவங்க வெயில் பாதுகாப்புல வருவாங்களா, மாட்டாங்களான்னு நீங்க சபையில ஒரு கேள்வி கேக்கணும்."

"வீட்டுக்குள்ள இருங்கன்னுதானேம்மா நானே வீடியோ போட்டேன். இப்பதான் நன்றி சொன்னீங்க. அப்ப நான் சொன்னது தப்பா?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்தப் பயிற்சியிலும் இல்லை. ஆமாம் என்றால் கோபித்துக்கொள்வார். இல்லை என்றால் எதற்கு வந்தோம்?

"தப்பில்லீங்க ஐயா. பாதி சொன்னீங்க. மீதியையும் நீங்களே சொன்னா நல்லா இருக்கும்."

"வூட்டுக்குள்ள இருந்தாதாங்க நான் வுழுந்தேன்" என்றார் லோகேஸ்வரி. சத்தமாகச் சொன்னார். தறிக்குப் பக்கத்தில் பேசிப் பழகிய குரல், அவருக்கு மெதுவாகப் பேச வராது. பேரன் சிணுங்குவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தான்.

நான் வாயை மூடிக்கொண்டேன். அன்று நான் செய்த ஒரே கெட்டிக்காரத்தனம் அதுதான். எம்.பி. பேரனின் மொட்டைத் தலையைத் தடவினார். என் மகள் என்ன நினைத்தாளோ, தோளில் இருந்த துண்டை உருவி அந்தப் பையனிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கி, கரையை ஒருமுறை பார்த்து, உள்பக்கமாக மடித்து, பேரன் கழுத்தில் வழிந்த வியர்வையைத் துடைத்தார்.

"அந்தப் பேப்பரைக் கொடுங்க" என்றார்.

வெளியே வந்ததும் உதவியாளரிடம், "நான் குறுக்கே பேசினது தப்பா?" என்று கேட்டேன்.

"மேடம், ஆளுக்கு ஒரு வீடு எழுதி அனுப்பறது எங்களுக்கு ரொம்ப சுலபம். முக்கால்வாசிப் பேர் அதோட போயிடுவாங்க. சில பேர் என்ன பண்ணுவாங்கன்னா, அதெல்லாம் வேணாம் சார், நாங்க பெரிய விஷயமா வந்திருக்கோம்னு கூட்டிட்டு வந்தவங்களையே தள்ளிவிட்டுடுவாங்க. அவங்களை நான் ரெண்டாவது தடவை உள்ள விடறதில்ல." குரலைத் தாழ்த்தினார். "அந்தம்மா வீட்டு மனுவை நாளைக்கே அனுப்புங்க. உங்க பேப்பரோட சேர்க்காதீங்க. அது தனி, இது தனி."

நான் உங்களுக்குத் தர நினைப்பது இவ்வளவுதான். அது தனி, இது தனி. நம்மோடு வருகிறவர் தன் கஷ்டத்தைச் சொல்வதற்கு விலையாகத் தன் தேவையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அவருடைய தேவை நிறைவேறுவதற்கு விலையாக ஊரின் தேவையும் போக வேண்டியதில்லை. இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த அரை நிமிடம் இருக்கிறதே, அதுதான் நம் வேலை. மற்றதெல்லாம் போன் செய்வதும் காத்திருப்பதும்தான்.

லோகேஸ்வரியை ஏற்றிவிடப் பஸ் நிலையத்துக்குப் போனேன். பொதட்டூர்பேட்டை பஸ் வந்ததும் படியில் கால் வைத்தபடி கேட்டார்.

"நடுவுல நீங்க பேசலன்னா ஐயா என் பேர எழுதியே முடிச்சிருப்பாரு இல்ல டீச்சர்?"

"தெரியலக்கா."

"ஆங்" என்றார். ஏறிவிட்டார். அந்த "ஆங்" பல மாதம் என்னோடு இருந்தது. பாத்திரம் தேய்க்கும்போது, மகளுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் வந்தது. வீட்டு மனுவை மறுநாளே அனுப்பினேன். ஒவ்வொரு மாதமும் கேட்டேன். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள்.

மழைக்காலக் கூட்டத்தொடரில் அந்த எம்.பி. கேள்வி கேட்டார். உதவியாளர் பதிலை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார், கூட ஒரு வார்த்தை எழுதாமல். நீளமான பதில். எதையும் உறுதியாகச் சொல்லாத பதில். படித்ததும் சோர்ந்துபோனேன். மறுநாள் மறுபடி படித்தேன். வீட்டிலேயே தொழில் செய்பவர்களையும் உள்ளூர் நிர்வாகங்கள் தங்கள் வெப்பத் தடுப்புத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று நடுவில் ஒரு வரி இருந்தது. சேர்க்க வேண்டும் என்று இல்லை, சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது. நமக்கு அது போதும். அந்த வரியை எடுத்துக்கொண்டு பேரூராட்சிக்குப் போனோம், தறி முதலாளிகளிடம் போனோம், பள்ளித் தலைமையாசிரியரிடம் போனோம். அந்த அலைச்சலை இங்கே எழுதவில்லை. நீங்களே அலைந்து தெரிந்துகொள்வீர்கள்.

போன சித்திரையில் ஒரு மத்தியானம், வெயில் எச்சரிக்கை வந்திருந்த நாள், லோகேஸ்வரி போன் செய்தார்.

"டீச்சர்! இத கேளுங்க! கேளுங்க!"

போனை வெளியே நீட்டிப் பிடித்திருக்கிறார் போலிருக்கிறது. தூரத்தில் ஆட்டோ மைக் கேட்டது. வெளியே வேலை செய்பவர்கள் நிழலுக்குப் போங்கள் என்றது. பிறகு, வீட்டில் தறி ஓட்டுபவர்கள் மூன்று மணி வரை தறியை நிறுத்துங்கள், விடிகாலையிலும் சாயந்திரமும் ஓட்டிக்கொள்ளலாம், ஷீட்டு வீட்டில் இருப்பவர்கள் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வாருங்கள், அங்கே மின்விசிறியும் தண்ணீரும் இருக்கிறது என்றது.

"நாங்க மண்டபத்துக்குத்தான் கெளம்பிக்கினு இருக்கறோம்! அமுலு போயி புள்ளைக்குத் தூளி கூட கட்டிட்டா! எங்க ஓரகத்தியும் வந்துகினு இருக்கறா, வாய மூடிக்கினு!"

"உங்க வீட்டு மனு என்னாச்சுன்னு நான் மறுபடியும்..." என்று ஆரம்பித்தேன்.

"அது நடக்கறப்ப நடக்கட்டும், நீங்க வுடாம கேட்டுக்கினே இருங்க! மாடி வந்தா மொத கல்லு நீங்கதான் எடுத்துத் தரணும்!"

அப்போதுதான் கவனித்தேன். மைக் ஆட்டோ தாண்டிப் போயிருந்தது, அவர் குரலுக்குப் பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. ஒரு தறிகூட ஓடவில்லை. தெரு முழுக்க அமைதி. இந்த முறை அது எனக்குப் பயமாக இல்லை.

"அக்கா, ஏன் இப்படிக் கத்தறீங்க? தறிதான் ஓடலையே?"



"ஆமால்ல" என்றார், முதல் தடவையாக மெதுவாக.